வில்லாப்லானுக்கு அணியில் இடம் உண்டா? இரு போர்களுக்கு இடைப்பட்ட பிரான்சின் சிறந்த பதினொருவர் குறித்த விவாதம்

ஏட்டுச்சுவடி:

அனைவருக்கும் வணக்கம். 1918க்கும் 1939க்கும் இடையில் பிரான்சு நாட்டுக் கால்பந்து அணிக்காக ஆடியவர்களிலிருந்து பதினொருவரைத் தேர்ந்து, சென்ற வாரம் இங்கே ஒரு பட்டியல் இட்டிருந்தேன். அக்கால வழக்கப்படி இரண்டு ஃபுல் பேக், மூன்று ஹாஃப் பேக், ஐந்து ஃபார்வர்டு என்ற அமைப்பு. கோலில் அலெக்ஸ் தெபோ. பின்வரிசையில் ஜூல் வாந்தூரன், எதியென் மாத்லேர். ஹாஃப் வரிசையில் வலமிருந்து இடமாக அலெக்சாந்தர் வில்லாப்லான், குஸ்தி ஜோர்தான், எதுமோன் தெல்ஃபூர். முன்வரிசையில் ஆஸ்தோன், பால் நிக்கோலா, ஜான் நிக்கோலா, லூசியன் லோரான், லாங்கிய்யே.

மற்ற பத்துப் பேரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வலது ஹாஃப் இடத்துக்கு வில்லாப்லானைப் போட்டதற்குத்தான் இத்தனை எதிர்ப்பும். ஆகவே என் காரணங்களை இங்கே தனியாக எழுதுகிறேன். அவர் அன்று பிரான்சின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் அல்ஜியர்சில் பிறந்து, பதினாறு வயதளவில் பிரான்சின் தென்கரைத் துறைமுக நகரமான செத்துக்கு வந்தவர். அங்கே பிரிட்டனிலிருந்து வந்து ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்த விக்டர் கிப்சனிடம் ஆட்டம் கற்றார். 1926இல் பெல்ஜியத்துக்கு எதிராக முதன்முறையாக நாட்டு அணியில் இறங்கினார். அன்றிலிருந்து 1930 வரை 25 ஆட்டங்கள். நாட்டு அணி ஆண்டுக்கு ஐந்தாறு ஆட்டங்களே ஆடிய காலத்தில் நான்காண்டுகளில் 25 என்றால், உடல்நலத்தோடு இருந்த எந்த நாளிலும் அவரை விட்டுவிடத் தேர்வாளர்களுக்கு மனம் வரவில்லை என்றே பொருள். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்குச் சென்ற அணியில் இருந்தார். 1930இல் உருகுவேயில் நடந்த முதல் உலகக் கோப்பையில் அவரே கேப்டன். தலையால் ஆடுவதிலும், எதிராளியின் காலடியிலிருந்து பந்தைப் பறிப்பதிலும், பறித்த பந்தை உடனே நல்ல இடத்துக்கு அனுப்புவதிலும் அன்றைய பிரான்சில் அவருக்கு நிகராகச் சொல்லப்பட்டவர்கள் மிகச் சிலரே.

போர்க்காலத்தில் அவர் செய்தவற்றை நான் அறியாதவன் அல்லன். ஆனால் இது ஆட்டத்திறனுக்கான பட்டியல். மைதானத்தில் நடந்ததை மைதானத்தின் அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

கார்முகில்:

ஏட்டுச்சுவடி ஐயா, உங்கள் உழைப்பின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் "போர்க்காலத்தில் அவர் செய்தவை" என்று மூன்று சொற்களில் கடந்து போவதை ஏற்க முடியவில்லை. இந்த இழையை முதன்முறையாகப் படிப்பவர்களுக்காக அந்தச் செயல்களை விரித்துச் சொல்கிறேன்.

ஜெர்மானியர் பாரிசைப் பிடித்த பிறகு, லோரிஸ்தோன் தெருவில் 93ஆம் எண் வீட்டில் ஒரு கும்பல் இயங்கியது. ஆன்றி லஃபோன் என்ற குற்றவாளியும், பதவி இழந்த காவல் அதிகாரி பியேர் போனியும் அதன் தலைவர்கள். மக்கள் அதை, நாஜி ஜெர்மனியின் இரகசியக் காவல்துறையான கெஸ்டபோவின் பெயரால், பிரெஞ்சு கெஸ்டபோ என்றே அழைத்தனர். கறுப்புச் சந்தை, கொள்ளை, காட்டிக்கொடுத்தல், சித்திரவதை ஆகியவையே அந்த வீட்டின் தொழில். வில்லாப்லான் அங்கே சேர்ந்தார். 1944இல் விடுதலைப் போராளிகளை வேட்டையாடுவதற்காக லஃபோன் வட ஆப்பிரிக்கப் படையணி என்ற ஒன்றைத் திரட்டியபோது, அதன் ஒரு பிரிவுக்கு வில்லாப்லான் தலைவரானார். நாஜிகளின் எஸ்எஸ் படை அதிகாரியின் சீருடை அணிந்து தொர்தோஞ் பகுதிக்குப் போனார். அந்த ஆண்டு ஜூன் 11 அன்று முசிதான் என்னும் சிற்றூரில் 52 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தப் படுகொலையில் இந்தப் படையணிக்குப் பங்கு உண்டு. பிடிபட்டவர்களிடம், அவர்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி அவர் பணம் பறித்ததும் வழக்கில் வெளிவந்தது. பாரிஸ் விடுதலையடைந்த பின் விசாரணை நடந்து, 1944 டிசம்பர் இறுதியில் மொந்த்ரூஜ் கோட்டையில் லஃபோன், போனி ஆகியோருடன் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

"சிறந்த பதினொருவர்" என்று பெயர் வைத்துவிட்டால் அது வெறும் கணக்கு அன்று, அது ஒரு மரியாதை. மாத்லேரின் பெயருக்கு அடுத்த வரியிலேயே அவரைப் பிடிக்க அலைந்தவர்களின் கூட்டாளியை நிறுத்துகிறீர்கள். இதை நாம் எப்படி ஏற்பது?

பழைய ரைட் ஹாஃப்:

நான் அந்த இடத்திலேயே பல ஆண்டுகள் ஆடியவன். இப்போது சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். ஆகவே ஆட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1930 ஜூலை 13, மொந்தேவிதேயோவின் போசித்தோஸ் மைதானத்தை மனத்தில் கொண்டுவாருங்கள். அங்கே அது குளிர்காலம், பனி விழுந்துகொண்டிருந்தது. எதிரணி மெக்சிகோ. 19ஆம் நிமிடத்தில் தெபோ உதைத்த பந்து நடு ஹாஃபான பினெலிடம் வந்து, அங்கிருந்து வலது ஓரத்தில் லிபராத்திக்குப் போகிறது. அவர் ஃபுல் பேக்கைக் கடந்து குறுக்கே அனுப்ப, லோரான் அதைத் தரையில் விழவிடாமல் அப்படியே அடித்து வலைக்குள் சேர்க்கிறார். உலகக் கோப்பை வரலாற்றின் முதல் கோல் அது. இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுவதுதான் வழக்கம். ஆனால் ஹாஃப் பேக்காக ஆடியவனுக்கு அடுத்த ஐந்தாறு நிமிடங்களில் நடந்ததுதான் முக்கியம். மெக்சிகோ ஃபார்வர்டு ஒருவரின் கால் தெபோவின் தாடையில் பட்டு அவர் வெளியேறுகிறார். மாற்று ஆட்டக்காரர் என்ற வழக்கமே அன்று கிடையாது. இடது ஹாஃபான ஷாந்த்ரெல் கோல்கீப்பராகப் போய் நிற்கிறார்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். மூன்று பேர் காக்க வேண்டிய நடு வரிசையில், ஆட்டம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போது, பினெலும் வில்லாப்லானும் மட்டும் மிஞ்சுகிறார்கள். இரண்டு-மூன்று-ஐந்து அமைப்பில் ஹாஃப் பேக்கின் வேலை சும்மா நிற்பதன்று. எதிரணி ஓர ஆட்டக்காரரைப் பின்தொடர வேண்டும், தன் ஃபார்வர்டுகளுக்குப் பந்து ஊட்ட வேண்டும், ஃபுல் பேக் ஏறினால் அவர் விட்ட இடத்தை நிரப்ப வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் காலியாகிவிட்டால் மற்ற இருவரும் நுரையீரல் வெடிக்கும்வரை ஓட வேண்டியதுதான். பத்துப் பேரோடு ஆடிய அந்த நேரத்தில் பிரான்சு மேலும் மூன்று கோல் போட்டு, ஒன்றே ஒன்று வாங்கி, 4–1 என வென்றது. இரண்டே நாளில் அர்ஜென்டினாவை எதிர்கொண்டு, 81ஆம் நிமிடத்தில் மோந்தி அடித்த ஃப்ரீ கிக் வரை கோலே வாங்காமல் நின்றது. அந்த அணியின் கேப்டன் இவர். நான் தேர்வாளனாக இருந்து அந்த இரு ஆட்டங்களையும் பார்த்திருந்தால், அந்த இடத்துக்கு வேறொருவரைத் தேடியிருக்க மாட்டேன்.

மணற்கடிகை:

இதுவரை எழுதிய மூவருமே ஒரு கருத்தில் ஒத்துப்போகிறீர்கள் என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆட்டக்காரர் என்ற முறையில் வில்லாப்லான் மிகச் சிறந்தவர், மனிதர் என்ற முறையில் கொடியவர், இரண்டில் எதற்கு எடை கொடுப்பது என்பதே கேள்வி என்று எடுத்துக்கொள்கிறீர்கள். முதல் பாதியையே நான் மறுக்கிறேன். 1944ஐ முழுவதும் ஒதுக்கிவிட்டு, ஏட்டுச்சுவடி ஐயா கேட்டபடியே மைதானத்தின் அளவுகோலை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

செத் கழகத்தில் வளர்ந்தார், இடையில் சிறிது காலம் வெர்ஜேசில் ஆடினார். 1927இல் செத்தின் கடும் போட்டியாளரான நீம் கழகம் அவரை இழுத்துக்கொண்டது. 1929இல் பாரிசின் ராசிங் கிளப் அவரை அழைத்துக்கொண்டது. அந்தப் பருவத்தின் பிரெஞ்சுக் கோப்பை இறுதியில், 1930 வசந்தத்தில், ராசிங்கை 3–1 என வென்றது வேறு யாருமல்ல, அவர் விட்டு வந்த செத் கழகமே. பிறகு உருகுவே. அத்தோடு நாட்டு அணியில் அவர் கதை முடிந்துவிட்டது. 26 வயது நிறைவதற்கு முன்பே கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டார். ஒரு ஹாஃப் பேக் தன் தொழிலை முழுமையாகக் கற்றுத் தேறும் வயது அது. அவரைக் காயம் வெளியேற்றவில்லை. குதிரைப் பந்தயமும் இரவு விடுதிகளும் பயிற்சி மைதானத்தை விட அவருக்கு முக்கியமாகிவிட்டன.

1932இல் பிரான்சில் தொழில்முறை லீக் தொடங்கியது. அவர் அந்தீப் கழகத்தில் சேர்ந்தார். பத்துப் பத்துக் கழகங்களாக இரண்டு பிரிவுகள், முதலிடம் பிடித்தவை இறுதியில் மோத வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தீப் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஆனால் ஃபீவ் கழகத்துக்கு எதிராகப் பெற்ற வெற்றி விலைக்கு வாங்கப்பட்டது என்று தெரியவந்ததால், அது நீக்கப்பட்டு, கான் கழகம் இறுதிக்குப் போய், லீலிடம் 4–3 எனத் தோற்றது. பிரெஞ்சுத் தொழில்முறைக் கால்பந்தின் முதல் பருவமே அந்தக் கறையோடு தொடங்கியது. அடுத்து நீஸ். பயிற்சிக்கு ஒழுங்காக வராமல் அபராதம் கட்டினார், அந்தப் பருவத்தில் நீஸ் தரமிறங்கியது. அதன்பின் போர்தோவில் இரண்டாம் நிலைக் கழகம் ஒன்று. தன்னை வளர்த்த அதே விக்டர் கிப்சன் அங்கே பயிற்சியாளராக இருந்தும், சில மாதங்களில் வெளியேற்றப்பட்டார். 1935இல் குதிரைப் பந்தய மோசடி வழக்கில் சிறை.

இதையும் தெல்ஃபூரின் வரலாற்றையும் அருகருகே வையுங்கள். 1930இல் அதே கப்பலில் போனவர், அதே மெக்சிகோ ஆட்டத்தில் ஆடியவர், அதே ராசிங் கிளப்பின் சட்டையை அணிந்தவர். 1934, 1938 உலகக் கோப்பைகளிலும் ஆடினார். நாட்டு அணிக்கு 41 ஆட்டங்கள். 1936இல் ராசிங் லீக்கையும் கோப்பையையும் ஒரே பருவத்தில் வென்றபோது அதில் இருந்தார். இருபது ஆண்டுகளுக்கான அணியைத் தேர்ந்தெடுக்கும்போது நான்காண்டு மின்னலுக்கு நிரந்தர இடம் கொடுப்பது ஏன்?

பழைய ரைட் ஹாஃப்:

சகோதரி மணற்கடிகை, நீங்கள் சொன்ன வரிசை சரியானதே. ஆனால் ஒரு திருத்தம். அந்தீப் விவகாரத்தில் தண்டனை அதிகாரபூர்வமாக விழுந்தது பயிற்சியாளர் மேல்தான். வில்லாப்லான் மேலும் செத் கழகத்தில் அவரோடு ஆடிய தோழர்கள் மேலும் பலத்த சந்தேகம் இருந்தது, அது சந்தேகமாகவே நின்றுவிட்டது. பின்னாளில் கொலைகாரரானார் என்பதற்காக முன்னர் நிரூபிக்கப்படாததையும் சேர்த்து அவர் தலையில் கட்டுவது நியாயமன்று.

மணற்கடிகை:

ஏற்றுக்கொள்கிறேன். அவர் அந்த ஆட்டத்தை விற்றார் என்று நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அந்தீப் நீக்கப்பட்டது மட்டுமே உறுதி. ஆனால் அந்த ஒரு வரியை முழுவதுமாக அடித்துவிட்டாலும் 1930க்குப் பிறகு அவர் கணக்கில் வரவு வைக்க எதுவும் இல்லை என்ற என் வாதம் மாறாது.

வடகரை:

இந்த விவாதத்தில் ஒரு குரல் குறைகிறது என்று நினைப்பதால் எழுதுகிறேன். ஒரு மனிதனின் குணத்தை மட்டும் அலசுகிறோம், அவன் வளர்ந்த ஏற்பாட்டை யாரும் கேள்வி கேட்கவில்லை. 1932 வரை பிரான்சில் கால்பந்துக்குச் சம்பளம் வாங்குவது விதிமீறல். ஆனால் எல்லாக் கழகங்களும் கொடுத்தன. ஆட்டக்காரர்கள் பெயருக்கு ஒரு கடையிலோ ஆலையிலோ வேலை பார்ப்பதாக எழுதிவைத்துவிட்டு, உறையில் பணம் வாங்கிக்கொண்டார்கள். இதை மரோன் அமெச்சூர் முறை என்றே பிரெஞ்சுக்காரர்கள் அழைத்தார்கள், அதாவது கள்ள அமெச்சூர். செத்திலிருந்து நீமுக்கும், நீமிலிருந்து பாரிசுக்கும் வில்லாப்லான் போனது அந்த உறைகளைப் பின்பற்றித்தான்.

பதினாறு வயதில் கடல் கடந்து வந்த ஒரு பையனுக்கு, கையெழுத்து ஒன்று, உண்மை வேறு என்று பெரிய மனிதர்களே பாடம் நடத்தினார்கள். கழகத் தலைவர்களும் சம்மேளன அதிகாரிகளும் அறிந்தே கண்ணை மூடிக்கொண்டார்கள். பொய்க் கணக்கில் சம்பளம் வாங்கப் பழகியவன் பந்தயக் குதிரையில் பொய் சொல்லவும், திருட்டுப் பொருளை வாங்கி விற்கவும், கடைசியில் லஃபோனின் வீட்டுக்குள் நுழையவும் தயங்காதது அவன் ஒருவனுடைய பிழை மட்டும்தானா?

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். பிரான்சு அணிக்கு ஆடிய முதல் வட ஆப்பிரிக்கர் அவர் என்ற சிறப்பும் வில்லாப்லானுக்கு உண்டு. குடியேற்ற நாட்டிலிருந்து வந்தவர் கேப்டன் பட்டையை அணிந்தது சிறிய செய்தியன்று.

கார்முகில்:

நண்பர் வடகரைக்கு, இந்த வாதத்தை நான் வேறு இடங்களிலும் படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும் ஒரே பதில் மாத்லேர் என்ற பெயர்தான்.

மாத்லேர் பெல்ஃபோர் நகரத்தவர். வில்லாப்லானைவிட அதிகபட்சம் ஓராண்டே இளையவர். அதே 1930 அணியில் ஃபுல் பேக்காக ஆடினார். அவர் ஆடிய சோஷோ கழகம் பெஜோ கார் நிறுவனம் 1928இல் தன் தொழிலாளர்களுக்காகத் தொடங்கியது. உறையில் கொடுப்பதை விட்டுவிட்டு வெளிப்படையாகவே ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று முன்னின்று வாதாடியதும் அந்தக் கழகம்தான். ஆக, நீங்கள் சொல்லும் அந்த ஏற்பாட்டின் நட்ட நடுவில் நின்றவர் மாத்லேர். அவருக்கும் காலைத் தொட்டுக் கும்பிடும் ரசிகர்களும் பணமும் இருந்தன. அவர் என்ன செய்தார்? 1929இல் சேர்ந்த கழகத்திலேயே போர் முடிந்த பின்வரை இருந்தார். 1935, 1938 லீக் பட்டங்கள், 1937 கோப்பை. நாட்டு அணிக்கு 46 ஆட்டங்கள். 1938 உலகக் கோப்பையில் கேப்டன்.

அவரைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சியை இங்கே எழுத வேண்டும். 1938 டிசம்பர் தொடக்கத்தில் பிரான்சு நேப்பிள்சில் இத்தாலியோடு ஆடி 1–0 எனத் தோற்றது. துனிசியாவும் கோர்சிகாவும் நீசும் எங்களுக்கே என்று இத்தாலிய நாடாளுமன்றத்தில் முழக்கம் எழுந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மைதானம் முழுக்கப் பிரான்சுக்கு எதிரான கூச்சல். அன்றிரவு உணவகத்தில் எல்லோரும் உண்டுகொண்டிருந்தபோது, மாத்லேர் மேசை மேல் ஏறி நின்று, பிரான்சின் நாட்டுப்பண்ணான மார்செய்யேஸ் கீதத்தை முழுக் குரலில் பாடினாராம். பக்கத்து மேசைகளில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். போர் வந்த பிறகு அவர் எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார், கெஸ்டபோவிடம் பிடிபட்டார், வதைக்கப்பட்டார், பின் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிப் போய், பிரெஞ்சுப் படையில் சேர்ந்து தம் நாட்டுக்குள் திரும்பினார்.

அந்தக் கள்ள உறைகளை வாங்கியவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்திருப்பார்கள். அவர்களில் லோரிஸ்தோன் தெருவுக்குப் போனவர் ஒருவர். ஏற்பாட்டைக் குறை சொல்லி அந்த ஒருவரின் சுமையைக் குறைக்கும்போது, போகாத அத்தனை பேரையும் நாம் சிறுமைப்படுத்துகிறோம்.

மணற்கடிகை:

முதல் வட ஆப்பிரிக்கர் என்ற கூற்றையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. வில்லாப்லான் பிறந்தது அல்ஜியர்சில், அது உண்மை. ஆனால் அவர் அங்கே குடியேறிய ஐரோப்பியக் குடும்பத்தின் பிள்ளை. அல்ஜீரியாவின் முஸ்லிம் மக்களுக்கு அன்று முழுக் குடியுரிமையே கிடையாது. அவர்களிலிருந்து ஒருவர் பிரான்சு அணியின் சட்டையை அணிய 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் அலி பெனூனா. அவரும் செத் கழகத்துக்காரர் என்பது எனக்கு எப்போதும் மனத்தில் நிற்கும் செய்தி. இரண்டே ஆட்டங்கள்தான் கிடைத்தன. அடுத்த ஆண்டு பென் பூவாலி ஓர் ஆட்டம் ஆடினார். பெயர்ப்பட்டியலில் "முதல்" என்ற சொல்லைப் பிறந்த ஊரை மட்டும் பார்த்து ஒட்டிவிட்டால், அந்தச் சொல்லுக்கு உண்மையில் உரியவர் மறைந்து போகிறார்.

வில்லாப்லான் பின்னாளில் தலைமை ஏற்ற படையணியையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பாரிசில் வறுமையில் கிடந்த வட ஆப்பிரிக்கர்களிடம் பணமும், பிரான்சின் ஆட்சியிலிருந்து விடுதலை கிடைக்கும் என்ற பேச்சும் காட்டித்தான் அதற்கு ஆள் சேர்த்தார்கள். அவர்களுக்குக் கட்டளையிட ஒரு குடியேறியின் மகன். ஆகவே அவரை அந்த மக்களின் பெருமையாகக் காட்டுவது மிகவும் தவறான இடத்தில் மாலை போடுவதாகும்.

வடகரை:

பெனூனாவைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. "முதல் வட ஆப்பிரிக்கர்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். மாத்லேரை வைத்து நண்பர் கார்முகில் கேட்ட கேள்விக்கும் நேரான பதில் என்னிடம் இல்லை. ஆயினும் ஒன்றை வலியுறுத்துவேன். 1920களின் கழகத் தலைவர்கள் செய்த பொய்க்கணக்குகளுக்கு எவரும் பதில் சொல்லவில்லை. வில்லாப்லானின் முடிவு அவ்வளவு பயங்கரமாக இருந்ததால், அவர் ஒருவரே அழுகிய பழம், கூடை நல்ல கூடை என்று சொல்லிக்கொள்வது பிரெஞ்சுக் கால்பந்துக்கு வசதியாகிவிட்டது. அவருடைய குற்றத்தின் எடையைக் குறைக்காமலேயே இதையும் சொல்லலாம் என்று நம்புகிறேன்.

கார்முகில்:

அப்படிச் சொன்னால் எனக்கு மறுப்பு இல்லை. நீங்கள் முதலில் எழுதியது அப்படி ஒலிக்கவில்லை.

ஏட்டுச்சுவடி:

எல்லாப் பதிவுகளையும் இருமுறை படித்தேன். கார்முகிலுக்கு முதலில் சொல்கிறேன். கொடியவர் என்பதால் நீக்க வேண்டும் என்ற உங்கள் வாதத்தை இன்னும் என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. அதை ஏற்றால் நாளை ஒவ்வொரு ஆட்டக்காரரின் வாழ்க்கையையும் சோதித்த பிறகுதான் அவர் அடித்த கோலை எண்ண வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய அச்சம் ஒன்றும் எனக்கு உண்டு. நீக்கினால் மறந்துவிடுவோம். 1930 அணியின் படத்தில் கேப்டனாக இருப்பவர் யார் என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்ல நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

ஆனால் மணற்கடிகையின் வாதம் என்னை அசைத்துவிட்டது. மைதானத்தின் அளவுகோல் என்று நானே சொல்லிவிட்டு, அந்த அளவுகோலை நேர்மையாகப் பயன்படுத்தவில்லை. என்னை நானே கேட்டுப் பார்த்தேன். வில்லாப்லான் 1930க்குப் பிறகு அமைதியாக ஏதோ ஓர் ஊரில் கடை வைத்து வாழ்ந்து மறைந்திருந்தால், இந்தப் பட்டியலில் அவரைச் சேர்த்திருப்பேனா? நான்காண்டுகள் நன்றாக ஆடி, பிறகு தேய்ந்துபோன ஒரு ஹாஃப் பேக்காக அடிக்குறிப்பில்தான் வந்திருப்பார். அவருடைய பெயர் என் நினைவில் இவ்வளவு பெரிதாக நின்றதற்கு அவருடைய ஆட்டம் காரணமில்லை, அந்தக் கோட்டைச் சுவர்தான் காரணம். இதை உணர்ந்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

பழைய ரைட் ஹாஃப்:

ஐயா, நீங்கள் மனம் மாறுவது உங்கள் உரிமை. நான் மாறவில்லை. நீண்ட காலம் ஆடியவர் சிறந்தவர் என்றால், உச்சத்தில் எப்படி ஆடினார் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகும். பத்துப் பேரோடு நின்ற அந்த ஒரு மணி நேரம் என் கண் முன்னால் நிற்கிறது.

இன்னொன்று. ஆண்டுதோறும் பயிற்சிக்கு வரும் சிறுவர்களில் ஒருவனுக்குக் கேப்டன் பட்டையைக் கட்டும்போது, அவன் கை மெலிந்திருப்பதால் அதை இரண்டு சுற்றுச் சுற்றி ஊசி குத்திவிடுவேன். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்ப்பேன், அதில் பெருமை மட்டுமே இருக்கும். வில்லாப்லானுக்கும் அந்த நாள் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நம்புகிறேன். அந்த முகத்துக்கும் முசிதானுக்கும் இடையில் இருப்பவை வெறும் பதினான்கு ஆண்டுகள். என் போன்றவர்கள் அவருடைய ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் விட்டுவிட்டால், அவர் பிறக்கும்போதே பூதமாகப் பிறந்தார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அது உண்மையன்று. அவர் நன்றாக ஆடினார்.

கார்முகில்:

பெரியவரே, நீங்கள் எழுதியதில் இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் நான் அப்படியே ஏற்கிறேன். அவர் நன்றாக ஆடினார் என்பதையும், அதன்பின் செய்ததையும், ஒரே மூச்சில் எழுதுவோம். அவருக்கு மரியாதைப் பட்டியலில் இடம் வேண்டாம், 1930 அணியின் வரலாற்றில் முழு இடமும் கொடுப்போம். ஷாந்த்ரெல் கோலுக்குள் போனதை எழுதும் அதே பத்தியில் 52 பேர் என்ற எண்ணும் இருக்கட்டும்.

மணற்கடிகை:

அப்படியானால் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். தெல்ஃபூரை வலப்பக்கம் கொண்டுவருவதில் தடையேதும் இல்லை என்று நினைக்கிறேன். முன்வரிசையிலும் ஹாஃப் வரிசையிலும் எங்கே நிறுத்தினாலும் ஆடக்கூடியவர் அவர். 1934இல் தூரினில் ஆஸ்திரியாவைக் கூடுதல் நேரம் வரை இழுத்துச் சென்று 3–2 எனத் தோற்ற ஆட்டத்திலும் ஹாஃப் பேக்காகவே ஆடினார். இடது ஹாஃப் இடத்துக்கு ரவூல் தியாஞ். பிரெஞ்சு கயானாவில் பிறந்தவர். பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் செனகலின் உறுப்பினராக இருந்த பிளேஸ் தியாஞின் மகன். 1931இல் பிரான்சு அணிக்கு ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர். 1936இல் ராசிங்கின் இரட்டை வெற்றியில் தெல்ஃபூரோடு ஆடியவர். 1938 உலகக் கோப்பையில் குஸ்தி ஜோர்தானுக்கு இடப்பக்கம் நின்றவர். மூவரும் ஒரே கழகத்தவர், ஒருவரின் ஓட்டம் மற்றவருக்குத் தெரியும்.

பழைய ரைட் ஹாஃப்:

தியாஞ் உயரமானவர், நீண்ட கால்கள் கொண்டவர், ஃபுல் பேக்காகவும் ஆடியவர். அந்த மூவர் வரிசையை எதிர்த்து ஆட நான் விரும்ப மாட்டேன். இதை ஒப்புக்கொள்வதால் வில்லாப்லானைப் பற்றி நான் சொன்னது மாறிவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏட்டுச்சுவடி:

முதல் பதிவில் இருக்கும் பட்டியலை அழிக்காமல் அப்படியே விடுகிறேன், விவாதம் எதிலிருந்து தொடங்கியது என்பது தெரிய வேண்டும். திருத்திய ஹாஃப் வரிசை, வலமிருந்து இடமாக: எதுமோன் தெல்ஃபூர், குஸ்தி ஜோர்தான், ரவூல் தியாஞ். கேப்டன், எதியென் மாத்லேர். 1930 அணியைப் பற்றித் தனிப் பதிவு ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதில் வில்லாப்லானுக்கான பத்தியை, மணற்கடிகையும் பழைய ரைட் ஹாஃபும் படித்துப் பார்த்த பிறகே வெளியிடுவேன்.